கிகூயு, ஜூலு, யொருபா: ஆப்பிரிக்க மொழிகளில் விளம்பரம் செய்வது எப்படி

நைரோபியில் டீலர் கிடைத்தாயிற்று, சரக்கும் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கிவிட்டது, இனி விளம்பரம்தான் பாக்கி. பெரும்பாலான நிறுவனங்களில் மொழியைப் பற்றிய பேச்சு இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. அதுவும் "ஆங்கிலத்தில் எழுதியாச்சு, ஸ்வாஹிலியில் மாற்றித் தாருங்கள்" என்று ஒரு வரி மின்னஞ்சலாக. காரியம் கெடுவது அந்த மின்னஞ்சலில்தான். எந்த வானொலியில் நேரம் வாங்குவது, விலையை எப்படிச் சொல்வது, பலகையில் எவ்வளவு பெரிய எழுத்து போடுவது, போன் வந்தால் யார் எடுப்பது என்று எல்லாவற்றையும் மொழிதான் முடிவு செய்கிறது. அதைக் கடைசியில் ஒட்ட முடியாது.

கோவை பம்பு விற்பவருக்கும், கென்யா, உகாண்டா சாலைகளில் 'போடா போடா' வாடகை பைக்காக ஓடும் ஓசூர் டிவிஎஸ் போன்ற வண்டி விற்பவருக்கும், அங்கேயே கடை வைத்திருப்பவருக்கும் இந்த வேலை ஒன்றுதான். கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை கென்யா, தென்னாப்பிரிக்கா, நைஜீரியாவைச் சேர்ந்தவை. வானொலி, எஸ்எம்எஸ், சுவர், பலகை என எல்லா ஊடகத்திலும் உள்ளூர் மொழி விளம்பரம் நன்றாக வேரூன்றிய சந்தைகள் இவை.

மொழியைத் தேர்ந்தெடுப்பது

நாட்டை வைத்து மொழியை முடிவு செய்யக் கூடாது. சரக்கு விற்கும் மாவட்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

கென்யாவில் ஸ்வாஹிலி தேசிய மொழி. 2010 அரசியலமைப்பின்படி ஆங்கிலத்தோடு அதுவும் ஆட்சி மொழி. நைரோபி, நகுரு போன்ற கலப்பு நகரங்களுக்கும், மொம்பாசா கடற்கரைக்கும் ஸ்வாஹிலி போதும். நியேரி, முராங்கா, கிரின்யாகா பக்கம் விவசாயப் பொருள் விற்றால் கிகூயு வேண்டும். கிசுமு, சியாயா, ஹோமா பே என்றால் லூவோ. மச்சாகோஸ், கிட்டுயி என்றால் கம்பா. கெரிச்சோ, நந்தி என்றால் கலெஞ்சின். இவை ஒவ்வொன்றுக்கும் தனி எஃப்எம் நிலையங்கள் உள்ளன: கிகூயுவுக்கு கமேமே, இனூரோ, லூவோவுக்கு ரமோகி, கம்பாவுக்கு முசியி, கலெஞ்சினுக்கு காஸ், சம்கேய். லூயாவுக்கு முலெம்பே இருக்கிறது, ஆனால் அங்கே ஒரு சிக்கல். லூயா என்பது ஒற்றை மொழியல்ல, பல கிளைகளின் தொகுப்பு. பங்கோமாவில் பேசும் புக்குசுவும் விஹிகாவில் பேசும் மரகோலியும் நன்றாகவே விலகி நிற்பவை. "லூயாவில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டால், எந்த லூயா என்று எழுத்தாளர் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காதவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

எல்லை தாண்டினால் கணக்கு மாறும். தான்சானியாவில் ஸ்வாஹிலி ஒன்றே போதும். ஆனால் நைரோபி இளைஞர்களின் 'ஷெங்' கலப்புப் பேச்சை அங்கே ஒலிபரப்பினால் அந்நியமாகத் தெரியும். கம்பாலாவைச் சுற்றி லுகாண்டா. ருவாண்டாவில் கின்யருவாண்டா ஏறத்தாழ எல்லோருக்கும் புரியும் என்பதால் ஒரே விளம்பரத்தில் நாடு முழுவதையும் எட்டலாம். இப்படிப்பட்ட சந்தை ஆப்பிரிக்காவில் அரிது.

தென்னாப்பிரிக்காவில் 12 ஆட்சி மொழிகள். 2023-ல் சைகை மொழியும் சேர்ந்ததால் இந்த எண்ணிக்கை. 2022 கணக்கெடுப்பில் வீட்டில் ஜூலு பேசுவோர் 24.4 விழுக்காடு, கோசா 16.3, ஆஃப்ரிக்கான்ஸ் 10.6, செபெடி 10.0, ஆங்கிலம் 8.7. ஆங்கிலத்தில் மட்டும் விளம்பரம் செய்பவர் ஐந்தாம் இடத்து மொழியில் கடை விரிக்கிறார். பள்ளியிலும் வேலையிடத்திலும் பலர் ஆங்கிலம் புரிந்துகொள்வது உண்மைதான். ஆனால் புரிவது வேறு, கடைக்குப் போக வைப்பது வேறு. ஜூலுவும் கோசாவும் நெருங்கிய உறவு மொழிகள், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பெரும்பாலும் விளங்கும். அதற்காக ஜூலு விளம்பரத்தைக் கோசா பேசும் ஈஸ்டர்ன் கேப்பில் போட்டுப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைத்தால், "இது நம்மவர்களுக்கு இல்லை" என்ற எண்ணத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். டர்பனிலிருந்து வரும் ஜூலு வானொலி உகோஸி எஃப்எம்முக்கும், கோசா வானொலி உம்ஹ்லோபோ வெனேனேவுக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.

முதல் முறை செய்பவர்கள் ஒரே நேரத்தில் ஐந்து மொழியில் இறங்க வேண்டாம். இரண்டு மொழி போதும். ஐந்து மொழியில் அரைகுறையாகச் செய்வதைவிட ஒரே மொழியில் விளம்பரம், துண்டறிக்கை, போன் பதில் வரை முழுமையாகச் செய்வது நல்லது.

எழுத வைக்கும் முறை

மொழிபெயர்ப்பாளரைத் தேடாதீர்கள். அந்த மொழியில் விளம்பரமோ வானொலி நிகழ்ச்சியோ எழுதிப் பழகியவரைத் தேடுங்கள். சட்ட வாசகம், உத்தரவாத அட்டை, பயன்பாட்டுக் குறிப்பு இவற்றுக்கு மட்டும் தேர்ச்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளர் கழகம் தேர்வு வைத்து அங்கீகாரம் கொடுக்கிறது. தான்சானியாவில் தேசிய ஸ்வாஹிலி மன்றமான பாக்கிட்டா இருக்கிறது.

எழுத்தாளரிடம் ஆங்கில விளம்பரத்தைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அதன் சாயலிலேயே திரும்பி வரும். அதற்குப் பதில் ஒரே பக்கக் குறிப்பு கொடுங்கள். உதாரணத்துக்கு, நியேரியில் சோலார் பம்பு:

1. யாரிடம் பேசுகிறோம்: ஒன்றிரண்டு ஏக்கரில் தக்காளி, முட்டைக்கோஸ் போடும் விவசாயி, இப்போது டீசல் பம்பு வைத்திருப்பவர்.
2. என்ன ஒன்றைச் சொல்கிறோம்: டீசல் செலவு இல்லை. ஒன்றுதான். உத்தரவாதம், தவணை, இலவச சர்வீஸ் எல்லாம் இரண்டாவது விளம்பரத்துக்கு.
3. கேட்டவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்: அருகில் உள்ள அக்ரோவெட் கடையில் விசாரிக்க வேண்டும். கென்யாவில் உரம், விதை, கால்நடை மருந்து விற்கும் கடைக்கு இதுதான் பெயர்.
4. மாற்றக் கூடாதவை: பிராண்டு பெயர், மாடல் எண், விலை.
5. சொல்லக் கூடாதவை: மழை, சாமி, தேர்தல், போட்டிக் கம்பெனி.

ஒரு வேலைக்கு இரண்டு மூன்று வடிவங்கள் கேளுங்கள். கூலியையும் அதற்கேற்ப ஒத்துக்கொள்ளுங்கள். வார்த்தைக் கணக்கில் கூலி கொடுத்தால் வார்த்தைதான் கிடைக்கும், விளம்பரம் கிடைக்காது. ஜூலுவில் அந்தக் கணக்கு நியாயமும் அல்ல. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது அங்கே ஒரே சொல்லாக நிற்கும்.

எழுதி வந்ததை அவரோடு தொடர்பில்லாத இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூலக் குறிப்பை அவருக்குக் காட்டக் கூடாது; காட்டினால் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுவார். பிறகு விற்கும் ஊரிலேயே எட்டுப் பேரிடம் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுங்கள். பாதிப் பேர் பெண்கள், மூன்று பேராவது ஐம்பது வயதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். என்ன விற்கிறார்கள், என்ன விலை, எங்கே போக வேண்டும், பேசுகிறவர் எப்படிப்பட்ட ஆளாகத் தெரிகிறார் என்று நான்கு கேள்வி. இரண்டு பேர் விலையைத் தப்பாகச் சொன்னால் ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டும். நான்காவது கேள்விக்கு "வாத்தியார் மாதிரி" என்றோ "அரசாங்க அறிவிப்பு மாதிரி" என்றோ பதில் வந்தால் மொழி ஏட்டு மொழியாகிவிட்டது என்று பொருள்.

ஏட்டு மொழிதான் அதிகம் நடக்கும் கோளாறு. ஸ்வாஹிலியில் சூரிய ஆற்றலுக்கு 'நிஷாத்தி யா ஜுவா' என்று அழகான சொல் உண்டு. சந்தையில் பேச்சில் வருவது 'சோலா'. பம்புக்கு 'பாம்பு' என்பார்கள்; நம் பம்பு போலவே கடைசியில் உகரம் ஏற்றிக்கொண்டது. ஜூலுவில் ஏர்டைமுக்கும் டேட்டாவுக்கும் முன்னால் 'இ' சேர்த்து இ-ஏர்டைம், இ-டேட்டா. கடன் சொல்லை மக்கள் தங்கள் இலக்கணத்துக்குள் இழுத்துவிட்ட பிறகு, விளம்பரம் அதைத் துரத்தக் கூடாது. எதிர்ப்பக்கம் ஷெங் போன்ற தெருப்பேச்சு வேகமாக மாறும். ஆறு வார ஆஃபருக்கு அது சரி. இரண்டு வருஷம் நிற்கும் சுவர் விளம்பரத்துக்கு ஆகாது.

இயந்திர மொழிபெயர்ப்பு இப்போது பல ஆப்பிரிக்க மொழிகளுக்கு இருக்கிறது. 2022 மே மாதம் கூகுள் ஒரே நேரத்தில் சேர்த்த 24 மொழிகளில் லுகாண்டா, டுவி, ஒரோமோ, திக்ரின்யா, செபெடி, சோங்கா எல்லாம் அடக்கம். வாடிக்கையாளர் அனுப்பிய செய்தி எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ள அது உதவும். வெளியே போகும் எந்த வாசகத்துக்கும் அதை நம்ப வேண்டாம். அடுத்து வரும் மூன்று பிழைகளும் எளிதில் நுழையும் வழி அதுதான்.

நேரம், இலவசம், விலை

ஸ்வாஹிலி நேரம் சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. காலை ஏழு மணி அங்கே 'சா மோஜா', அதாவது முதல் மணி. உதயாதி நாழிகை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கடை காலை 8 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும் என்பதை 'சா 2 அசுபுஹி முதல் சா 11 ஜியோனி' என்றுதான் சொல்ல வேண்டும். மொழி தெரியாதவர் 8 என்ற எண்ணை அப்படியே வைத்து 'சா 8' என்று போட்டுவிடுவார். அது மதியம் இரண்டு மணி, அல்லது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. 'காலை' என்ற சொல்லோடு சேர்த்துப் படித்தால் குழப்பம் மட்டுமே மிச்சம். பேச்சில் ஸ்வாஹிலி நேரம். அச்சில் எண் போட்டே ஆக வேண்டும் என்றால் ஆங்கில முறைப்படி 8:00 ஏ.எம். என்று போடுவது பாதுகாப்பு. இரண்டையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். எத்தியோப்பியாவிலும் இதே ஆறு மணி நேர வித்தியாசம். அங்கே நாட்காட்டியும் வேறு: 13 மாதங்கள், ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கிய கணக்கு. கூப்பனில் கடைசி நாளை இரண்டு நாட்காட்டியிலும் அச்சிடுங்கள்.

'இலவசம்' என்பதற்கு ஸ்வாஹிலி அகராதி 'பூரே' என்று தரும். அந்தச் சொல்லுக்கு 'வீண், உருப்படாதது' என்ற பொருளும் உண்டு. இலவச சர்வீஸ் என்று சொல்ல நினைத்துப் பயனில்லாத சர்வீஸ் என்ற வாடை வரும்படி வாக்கியம் அமைந்துவிடலாம். 'பிலா மாலிப்போ', அதாவது கட்டணமின்றி என்றால் தகராறு இல்லை. ஜூலுவில் 'மஹாலா', நைஜீரியாவின் ஹவுசாவில் 'க்யாவுட்டா'. இவற்றில் அந்தச் சங்கடம் இல்லை. நிபந்தனைக்கு உட்பட்டது என்பதற்கு ஸ்வாஹிலி விளம்பரங்களில் ஏற்கெனவே ஊறிப்போன வாசகம் 'விகேஸோ நா மஷர்த்தி குஸிங்கதிவா'. இதைப் புதிதாக மொழிபெயர்க்க உட்காராதீர்கள், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

விலை. ஜூலுவில் 99 என்று முழுக்கச் சொன்னால் 'அமாஷூமி அயிசிஷியகலோலூன்யே நெசிஷியகலோலூன்யே'. 21 அசைகள். ஆங்கிலத்தில் மூன்று. முப்பது வினாடி விளம்பரத்தில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் காசில் ஒரு பகுதி கரைந்துவிடும், கேட்டவருக்கும் எண் நிற்காது. ஜூலு பேசுகிறவர்களே கடையில் விலையை ஆங்கில எண்ணில்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆகவே வாக்கியம் ஜூலுவில், விலையும் போன் எண்ணும் ஆங்கிலத்தில். 'சுத்த ஜூலு வேண்டும்' என்று தலைமை அலுவலகம் பிடிவாதம் பிடித்தால் இந்த ஒரு எண்ணைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஸ்வாஹிலியில் 99 வெறும் 'திசினி நா திசா'. அங்கே உள்ளூர் எண்ணே சொல்லலாம்.

மரியாதை

நீ, நீங்கள் என்ற வேறுபாடு தமிழருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆங்கிலக் குறிப்பிலிருந்து எழுதும்போது அது தொலைந்துபோகிறது என்பதுதான் சிக்கல். நைஜீரியாவின் யொருபாவில் பெரியவரை 'எ' என்ற பன்மைச் சொல்லால்தான் அழைக்க வேண்டும். சோப்புப் பொடி விளம்பரத்தில் இளம்பெண் குரல் வயதான பெண்ணை ஒருமையில் 'வாங்கு' என்றால் பொருளுக்கு முன்னால் அந்தப் பெண்ணின் வளர்ப்பைப் பற்றிய பேச்சு வந்துவிடும். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கில் ஒருமை 'நீ' ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பலகையில் யாரை அழைப்பது என்று முடிவு செய்ய முடியாவிட்டால் பன்மை அல்லது மரியாதை வடிவம். ஜூலுவில் ஒருவரை 'வாங்கு' என்பது 'தேங்கா' (கேட்டதும் நமக்குச் சட்னி நினைவு வரும், பரவாயில்லை). பலரை அழைக்கும்போது 'தேங்கானி'. 2010 உலகக் கோப்பைப் பந்தின் பெயர் 'ஜபுலானி' என்பதும் இதே அமைப்பு: எல்லோரும் மகிழுங்கள். வானொலிக்கும் பலகைக்கும் இந்த 'னி' வடிவம், எஸ்எம்எஸ்ஸுக்கு ஒருமை வடிவம் என்று எழுத்தாளரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உடல்நலம், மாதவிடாய், கருத்தடை பற்றிய பொருள்களுக்கு நேரடிச் சொல் பல இடங்களில் வானொலியில் எடுபடாது. ஜூலு, கோசாவில் 'ஹ்லோனிபா' என்று மரியாதை கருதிச் சில சொற்களைத் தவிர்க்கும் வழக்கமே உண்டு. எந்தச் சுற்றுச் சொல் இன்று புழக்கத்தில் இருக்கிறது என்பதை அந்தப் பகுதிப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும், அகராதியிடம் அல்ல.

வானொலி: குரலும் ராகமும்

யொருபா, இக்போ, ஜூலு எல்லாம் தொனி மொழிகள். யொருபாவில் மேல், நடு, கீழ் என்று மூன்று தொனி. ஒரே எழுத்துக்கூட்டலில் உள்ள 'ஒக்கோ', தொனி மாறினால் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று மாறும். இதனால்தான் ஆங்கிலத்தில் தயாரான ஜிங்கிளின் மெட்டில் யொருபா வரிகளை உட்கார வைக்கும் வேலை உருப்படுவதில்லை. மெட்டு ஏறும் இடத்தில் சொல் இறங்க வேண்டியிருக்கும். கேட்பவருக்குச் சொல் வேறாகக் கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது. மிஷனரிகள் ஆங்கிலப் பாமாலை ராகத்தில் யொருபா வரிகளைப் போட்டபோதும் இதே கதிதான். அதே மண்ணில்தான் 'துண்டுன்' என்ற பேசும் முரசு வெறும் தொனியை வைத்தே வாக்கியம் பேசுகிறது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வாசகம், அதை மொழிக்காரர் இயல்பாகப் பேசிய ஒலிப்பதிவு, அதன் ஏற்ற இறக்கத்தைக் கேட்டு மெட்டு. பிராண்டு இசைத் துணுக்கு உலகம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தால், அதில் சொல் வேண்டாம். கருவியிசையாக மட்டும் கடைசியில் வரட்டும். ஸ்வாஹிலி தொனி மொழி அல்ல. அங்கே இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு நாட்டில் சரியாக வந்த முறையை இன்னொரு நாட்டுக்கு எடுத்துப் போகும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

குரல் கொடுப்பவர் அந்த மொழிக்காரராக இருந்தால் மட்டும் போதாது, அந்த வட்டாரத்துக்காரராகவும் இருக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் டவுன்ஷிப் ஜூலுவும் குவாஸுலு நாட்டால் கிராமத்து ஜூலுவும் ஒரே வாயிலிருந்து வராது. ஜூலுவில் மூன்று அடிப்படை நாச்சொடுக்கு ஒலிகள் உண்டு. பழகாதவர் அவற்றை 'க' போல உச்சரித்துக் கடந்துவிடுவார், கேட்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். நைஜீரியாவில் இதற்குச் சட்டக் காரணமும் சேர்ந்துவிட்டது: 2022 அக்டோபர் 1 முதல் விளம்பரங்களில் வெளிநாட்டு மாடல்களுக்கும் குரல் கலைஞர்களுக்கும் தடை.

முப்பது வினாடி ஸ்கிரிப்டை வார்த்தை எண்ணி அளக்காதீர்கள். ஒரு சொல்லே ஆறேழு அசை ஓடும் மொழிகளில் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். சத்தமாகப் படித்து ஸ்டாப்வாட்சில் 26, 27 வினாடிக்குள் முடிகிறதா என்று பாருங்கள். பத்து இலக்க போன் எண்ணை இரண்டு முறை சொன்னால் எட்டு வினாடிக்கு மேல் போய்விடும். அதனால்தான் சில இலக்கக் குறுஞ்செய்தி எண்ணோ கடைப் பெயரோ மேல்.

பதிவு செய்த விளம்பரத்தைவிட, தொகுப்பாளர் தன் நிகழ்ச்சிக்குள் தானே பேசிச் சொல்லும் விளம்பரம் வட்டார நிலையங்களில் நன்றாக எடுபடும். அவருக்கு முழு ஸ்கிரிப்ட் கொடுத்தால் படிக்கத் தொடங்கிவிடுவார், உயிர் போய்விடும். ஐந்து குறிப்பு, விலை, எண், சொல்லக் கூடாத இரண்டு விஷயம் மட்டும் கொடுங்கள். நேர அட்டவணை வாங்கும்போது எதற்கு அடுத்து வருகிறது என்றும் பாருங்கள். கென்ய வட்டார வானொலிகளில் இறப்பு, அடக்க அறிவிப்புகள் வாசிக்கப்படும். அதன் வாலில் துள்ளல் ஜிங்கிள் வந்தால் திட்டு உங்கள் பிராண்டுக்கு.

எழுத்து: எஸ்எம்எஸ், பலகை, சுவர்

சாதாரண எழுத்துகளில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. அந்தப் பட்டியலில் இல்லாத ஒரே ஒரு எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி எல்லை 70 ஆகிவிடும். நீளச் செய்தியாகப் பிரிந்தால் ஒரு துண்டுக்கு 153, யூனிகோடில் 67. ஸ்வாஹிலி வெறும் ஆங்கில எழுத்துகளாலேயே எழுதப்படுவதால் தப்பித்தது. கிகூயுவில் மேலே அலைக்குறி போட்ட ஐ, யூ எழுத்துகள். யொருபா, இக்போவில் அடிப்புள்ளி எழுத்துகள். ஹவுசாவில் கொக்கி எழுத்துகள். செபெடியில் தொப்பி போட்ட எஸ். 150 எழுத்துக் கிகூயுச் செய்தியில் ஒரு அலைக்குறி இருந்தால் மூன்று எஸ்எம்எஸ் காசு. ஒரு லட்சம் பேருக்கு அனுப்பும்போது இது விளையாட்டல்ல. வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள்குறியும் இதே வேலையைச் செய்யும்.

மக்களே எஸ்எம்எஸ்ஸில் பெரும்பாலும் குறிகளை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறார்கள். கானாவில் டுவி எழுதுபவர்கள் இல்லாத எழுத்துக்குப் பதில் 3 என்ற எண்ணையும் அடைப்புக்குறியையும் போடுவார்கள். எனவே எஸ்எம்எஸ்ஸில் குறியில்லாமல் அனுப்பலாம். பொருள் மயங்கும் சொல் இருந்தால் சொல்லை மாற்றுங்கள். அச்சிலும் பலகையிலும் குறிகள் முழுதாக இருக்க வேண்டும். அங்கே விட்டால் சோம்பேறித்தனமாகத் தெரியும். நட்சத்திரக் குறியும் எண்ணும் அழுத்தினால் போன் திரையில் வரும் யூஎஸ்எஸ்டி மெனுவுக்கு எல்லை 182 எழுத்து. ஜூலுவில் அது சீக்கிரம் நிரம்பும், ஒரு திரைக்கு மூன்று தேர்வுக்கு மேல் வைக்காதீர்கள்.

வடிவமைப்பாளர் தேர்ந்த அலங்கார எழுத்துருவில் யொருபாவின் அடிப்புள்ளியும் மேல்குறியும் ஒரே எழுத்தில் சேர்ந்து வரும்போது ஒன்று காணாமல் போகும், அல்லது பக்கத்து எழுத்தின் மேல் ஏறும். நோட்டோ போன்ற எழுத்துருக்கள் பாதுகாப்பானவை. அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும் முன் எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றி, மொழிக்காரர் ஒருவரை அந்தக் கடைசிக் கோப்பையே படித்துக் கையெழுத்துப் போட வையுங்கள். முந்தைய வேர்டு கோப்பில் வாங்கிய ஒப்புதலுக்கு மதிப்பில்லை.

ஜூலு, கோசா ஒட்டி எழுதும் வழக்கமுள்ளவை. செபெடி, செசோத்தோ, செட்ஸ்வானா பிரித்து எழுதுபவை. 'உன்னை நேசிக்கிறேன்' என்பது ஜூலுவில் ஒரே சொல், செபெடியில் நான்கு சிறு சொற்கள். ஒரே பலகை வடிவத்தில் இரண்டையும் அடக்க முடியாது. ஜூலுவில் நீளச் சொல் வரியை உடைக்கும். கணினி தானாகப் போடும் இணைப்புக்கோடு தப்பான இடத்தில் விழும், அதை அணைத்து வையுங்கள். வேற்றுமை உருபு நமக்குப் பெயரின் பின்னால் ஒட்டும், ஜூலுவில் முன்னால் ஒட்டும். கடைப் பெயருக்கு முன் 'இ' வந்தால் எழுவாய், 'எ' வந்தால் அங்கே என்ற பொருள். இந்த முன்னொட்டைச் சிறிய எழுத்தில், இணைப்புக்கோட்டோடு, லோகோவைத் தொடாமல் எழுதுவது என்று பிராண்டு விதியிலேயே சேர்த்துவிடுங்கள். முழுப் பெரிய எழுத்துத் தலைப்பில் முன்னொட்டு எது, பெயர் எது என்று தெரியாமல் போகும்.

சுவர் விளம்பரத்துக்கு ஐந்து சொல், ஒரு எண். பெயின்டர் வேறு மொழிக்காரராக இருப்பார் என்று வைத்துக்கொண்டு முழு அளவு ஸ்டென்சில் கொடுங்கள். கைபேசிப் படம் கொடுத்தால் அலைக்குறி அழுக்குப் புள்ளி என்று நினைத்து விட்டுவிடுவார்.

இணைய விளம்பரத்தில் ஒரே எச்சரிக்கை: மொழி வடிகட்டியில் ஜூலு, ஸ்வாஹிலி என்று தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டில் ஜூலு பேசுபவரும் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருப்பார். மாவட்டத்தை வைத்துக் குறிவையுங்கள், வாசகம் மட்டும் உள்ளூர் மொழியில் போகட்டும்.

சட்டமும் அரசியலும்

நைஜீரியாவில் விளம்பரத்தை வெளியிடும் முன் ஆர்கான் என்ற ஒழுங்குமுறை மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். மொழி வடிவங்களை எல்லாம் சேர்த்தே சமர்ப்பிக்கத் திட்டமிடுங்கள். ஆங்கிலத்துக்கு மட்டும் வாங்கிவிட்டு ஹவுசா வடிவம் நிற்பது வழக்கமான தாமதம். தென்னாப்பிரிக்காவில் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு எளிய, புரியும் மொழியைக் கோருகிறது. முன்பின் தெரியாதவருக்கு மார்க்கெட்டிங் எஸ்எம்எஸ் அனுப்ப, தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான பொபியா சட்டப்படி முன்சம்மதம் வேண்டும். கென்யாவில் 2019 தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் கேட்கும் வாசகமும் விளம்பர மொழியிலேயே இருக்கட்டும்.

கென்யாவில் வட்டார மொழி நிலையம் என்றால் சமூகத்தின் குரலும்தான். 2007 தேர்தலுக்குப் பிந்தைய வன்முறை தொடர்பாக ஒரு கலெஞ்சின் வானொலித் தொகுப்பாளர்மீது ஹேக் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. 2016-ல் அது கைவிடப்பட்டது. ஒரே சமூகத்தின் நிலையத்தில் மட்டும் காசைக் கொட்டினால் "அவர்கள் கம்பெனி" என்ற முத்திரை விழும். குறைந்தது இரண்டு சமூகங்களின் நிலையங்களில் வாங்குங்கள். தேர்தலை ஒட்டிய வாரங்களில் அரசியல் பேச்சு நிகழ்ச்சிகளைத் தவிர்த்துச் சந்தை விலை, விவசாய நிகழ்ச்சிகளுக்கு மாறுங்கள்.

விளம்பரம் கேட்டவர் போன் செய்தால்

லூவோவில் அன்பாக அழைத்துவிட்டு, போனை எடுப்பவர் ஆங்கிலத்தில் "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ" என்றால் பாதிப் பேர் அங்கேயே துண்டித்துவிடுவார்கள். விளம்பரம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விடுப்பில் போனாலும் மற்றவர் இருப்பார். மொழிக்கு ஒரு தனி எண் கொடுத்துவிடுங்கள். 'ஸ்வாஹிலிக்கு 2 அழுத்தவும்' என்று ஆங்கிலத்தில் சொல்லும் இயந்திரக் குரலால் பயனில்லை. வரும் கேள்விகளில் பத்துப் பன்னிரண்டுதான் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கான பதிலை விளம்பரம் எழுதியவரையே எழுத வையுங்கள், விளம்பரத்தில் வந்த சொல்லே போனிலும் வர வேண்டும். அக்ரோவெட் கடைக்காரருக்கும் அந்தத் தாளில் ஒரு பிரதி.

பலனை அளக்கச் சிக்கனமான வழி: ஒரே அளவுள்ள இரண்டு பகுதிகள், ஒரே ஆஃபர், ஒரே நான்கு வாரம். ஒன்றில் ஸ்வாஹிலி, மற்றொன்றில் கிகூயு, இரண்டுக்கும் வெவ்வேறு எண். அழைப்புகளை மட்டும் எண்ணாதீர்கள்; ஒரு முறை ஒலிபரப்புக்கு எத்தனை அழைப்பு, அதில் எத்தனை விற்பனை என்று வகுத்துப் பாருங்கள். பதிவேட்டில் அழைத்தவர் எந்த மொழியில் பேசத் தொடங்கினார் என்று ஒரு கட்டம் இருக்கட்டும். கிகூயு எண்ணுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஸ்வாஹிலியில் பேசினால் பகுதியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கலாம், அல்லது வாசகம் கிழவர்களுக்கு மட்டும் புரியும்படி இருக்கலாம். நான்கு வாரத்துக்கு இடையில் ஸ்கிரிப்டை மாற்றாதீர்கள். மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.